ஜப்பானியரிடையே ஊழியம்: எந்த வழியாகப் போவது?

ஜப்பானுக்காகப் பாரத்தோடு ஜெபிக்கிற இளைஞர்களும் இளம் தம்பதிகளும் நம் சபைகளில் இருக்கிறார்கள். பாரம் உறுதியானதும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, எந்த விசாவில் போவது என்பதுதான். மிஷன் அமைப்பு மூலம் போவதா, மொழிப் பள்ளி மாணவராகப் போவதா, வேலை தேடிக்கொண்டு போவதா, அல்லது நாட்டை விட்டுப் போகாமலே வெளிநாட்டில் வாழும் ஜப்பானியரிடையே ஊழியம் செய்வதா என்று நான்கு வழிகளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். விசாவைத் தேர்ந்தெடுக்கும்போதே, ஜப்பானில் உங்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் நேரத்தை யார் கையில் கொடுக்கப்போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துவிடுகிறீர்கள். அந்த நேரம் மொழிக்கும், ஒரு ஜப்பானிய சபைக்கும் போய்ச் சேருகிறதா? நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியைக் கொண்டே எடை போடுகிறேன்.

முதலில் அந்த நாட்டைப் பற்றிச் சில விஷயங்கள். ஜப்பானின் மக்கள்தொகை 12 கோடிக்குச் சற்று அதிகம். கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். சுவிசேஷம் எட்டாததால் இப்படி இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர் மத்தியில் உழைத்த அதே பிரான்சிஸ் சவேரியார் 1549 ஆகஸ்டில் ககோஷிமாவில் கரையிறங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் லட்சக்கணக்கானோர் விசுவாசிகளானார்கள். 1597இல் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்த ஆலயத்தில் பெயர் பதிந்து, தான் கிறிஸ்தவக் குடும்பம் இல்லை என்று சான்று பெற வேண்டியிருந்தது. அந்தத் தடை 1873இல்தான் விலகியது. இரண்டரை நூற்றாண்டுக் காலம் குடும்பமும் கல்லறையும் ஆலயமும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்த சமூகம் அது. இன்றும் ஒரு ஜப்பானியர் ஞானஸ்நானம் எடுக்கத் தயங்கினால், வேதாகமத்தைப் பற்றிய சந்தேகத்தைவிட முன்னோரின் கல்லறையைப் பற்றிய கவலையே பெரிதாக இருக்கலாம்.

சமீபத்திய காயங்களும் இருக்கின்றன. 1995 மார்ச்சில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழு டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுவைப் பரப்பியது. 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரின் தாய், கொரியாவில் தோன்றிய யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்புக்குப் பெருந்தொகை கொடுத்துக் குடும்பத்தையே நொடித்துப்போகச் செய்தார் என்பது பிறகு வெளிவந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, மிரட்டியும் பயமுறுத்தியும் காணிக்கை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த அமைப்பைக் கலைக்க உத்தரவிட்டது. இந்தச் சூழலில் வீடு வீடாகக் கைப்பிரதி கொடுப்பதையும், தெருமுனையில் ஒலிபெருக்கி வைப்பதையும், கூட்டத்தில் உணர்ச்சிவசப்படுத்திக் காணிக்கை எடுப்பதையும் ஜப்பானியர் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் பழகிய ஊழிய முறைகள் பலவற்றை விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். அறிமுகம் இல்லாதவரின் பேச்சை அங்கே நம்புவதில்லை. அறிமுகமாவதற்கோ ஆண்டுகள் ஆகும், அதுவும் அவர்கள் மொழியிலேயே நடக்க வேண்டும்.

இனி வழிகளுக்கு வருவோம். அனுபவமுள்ள மிஷன் அமைப்பு ஒன்றின் மூலம் போவது பழைய வழி. ஜப்பானிய அரசு இதற்கென்றே மதப்பணி விசா என்று தனி வகை வைத்திருக்கிறது. வெளிநாட்டில் உள்ள மத அமைப்பு ஒன்று உங்களை அனுப்ப வேண்டும். அதற்குக் கடிதமும் ஊதிய உறுதியும் வேண்டும். ஒரு முறை கிடைத்தால் மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தங்கலாம், புதுப்பிக்கலாம், குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். ஓஎம்எஃப் என்ற மிஷன் அமைப்பு 1951 முதலே ஜப்பானில் இருக்கிறது. சப்போரோவில் அவர்களுக்கு மொழி, பண்பாட்டுப் பயிற்சி மையமே உண்டு. இப்படிப்பட்ட அமைப்பின் பெரிய பலம், புதிதாக வந்தவரை ஆரம்பத்தில் மொழி படிக்க மட்டும் உட்காரவைப்பதுதான். இரண்டு ஆண்டுகளாகப் பிரசங்கம் இல்லை, அறிக்கையில் எழுத எண்ணிக்கை இல்லை என்றாலும் யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

இந்தப் பொறுமைக்கு ஜப்பானிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1859இல் வந்து சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெப்பர்ன், தடை நீங்காத அந்த ஆண்டுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே சொற்களைச் சேகரித்தார். 1867இல் அவருடைய ஜப்பானிய-ஆங்கில அகராதி வெளிவந்தது. பிற்பாடு வேதாகமம் ஜப்பானிய மொழிக்கு வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருக்கும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முன்னால், 1579இல் வந்த இயேசு சபைப் பொறுப்பாளர் வலிஞானோ, குருக்கள் ஜப்பானிய மொழியையும் உபசரணை முறைகளையும் கற்றே ஆக வேண்டும் என்று வற்புறுத்தி, அதற்கென ஒரு வழிகாட்டியையே எழுதினார்.

குறை எங்கே என்றால், பணத்தில். ஜப்பானில் ஒரு குடும்பம் வாழ ஆகும் செலவை ரூபாயில் தாங்குவது நம் சபைகளுக்கு எளிதல்ல. வட இந்தியப் பணித்தளத்துக்கு மிஷனெரிகளை அனுப்பித் தாங்குவதில் நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. அந்தக் கணக்கை இங்கே போட்டால் ஏமாந்துபோவீர்கள். இன்னொரு சிக்கலைப் பல சபைகள் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கின்றன. இந்தியாவில் பதிவான அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவிட்டால், முன்கூட்டியே சிறப்பு அனுமதி இல்லாத பட்சத்தில் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது. தனிநபர் தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்புவதற்கு வேறு விதிகள். ஆகவே பொருத்தனைப் படிவம் அச்சடிக்கும் முன்பே சபைப் பொருளாளர் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். மதப்பணி விசாவில் இருப்பவர் தனி அனுமதி இல்லாமல் வேறு வேலை செய்து சம்பாதிக்கவும் முடியாது. தாங்குவோர் பாதியில் கைவிட்டால் பணித்தளத்தில் இருப்பவர் நிலை பரிதாபமாகிவிடும்.

மாணவராகப் போவது அடுத்த வழி. இருபதுகளில் இருக்கும் திருமணமாகாதவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். ஜப்பானில் உள்ள மொழிப் பள்ளியில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு படிக்கலாம். ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் 7 முதல் 9 லட்சம் யென் வரை ஆகும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என நான்கு சேர்க்கைப் பருவங்கள். தினம் அரை நாள் வகுப்பு, மீதி வீட்டுப்பாடம். சட்டப்படியே உங்கள் வேலை மொழி படிப்பதுதான் என்பதால் குற்ற உணர்வில்லாமல் படிக்கலாம். மாலையில் ஜெபக்கூட்டத்துக்குப் போகலாம், ஞாயிறு முழுவதும் சபையில் இருக்கலாம். அடுத்த கட்டமாக ஜப்பானிலேயே இறையியல் படிக்கவும் வழி திறக்கும். சிபா மாகாணத்து டோக்கியோ கிறிஸ்தவப் பல்கலைக்கழகமும், மிதாக்காவில் உள்ள டோக்கியோ யூனியன் இறையியல் கல்லூரியும் ஜப்பானிய போதகர்களை உருவாக்கும் இடங்கள். மதுரையிலோ பெங்களூரிலோ பட்டம் வாங்கிக்கொண்டு போவதைவிட, எதிர்காலத்தில் ஜப்பானிய போதகர்களாகப் போகிறவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிப்பதன் பயன் பல மடங்கு.

ஆனால் கடன் வாங்கிக்கொண்டு இந்த வழியில் போகாதீர்கள். அனுமதி பெற்ற மாணவர் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். ஏஜென்ட் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் வட்டிக்கு வாங்கிய மாணவர், இரவெல்லாம் உணவுத் தொழிற்சாலையில் டிபன் பெட்டி அடுக்கிவிட்டுக் காலை வகுப்பில் தூங்குகிறார். மொழிக்காகப் போனவருக்கு மொழியும் வராமல் போகிறது. முதல் ஆண்டுச் செலவைச் சபை முன்கூட்டியே திரட்டிக் கொடுத்தால் அதைவிட நல்ல முதலீடு வேறில்லை. மொழிப் பள்ளி மாணவராக இருக்கும் வரை குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழி பொதுவாகக் கிடையாது என்பதையும் திருமணமானவர்கள் கவனிக்க வேண்டும்.

வேலையோடு போவதுதான் இன்று அதிகம் பேர் விரும்புவது. பவுலே கூடாரத் தொழில் செய்தாரே என்பார்கள். சம்பளம் வருகிறது, சபைக்குச் சுமை இல்லை, அக்கம்பக்கத்தில் மரியாதை இருக்கிறது. ஜப்பானிய வரலாற்றிலும் இதற்கு வலுவான சான்று உண்டு. 1876இல் சப்போரோ வேளாண்மைக் கல்லூரிக்கு வந்த வில்லியம் கிளார்க் பாதிரியார் இல்லை. அரசு சம்பளத்துக்கு அழைத்த ஆசிரியர். எட்டு மாதங்கள் மட்டுமே இருந்தார். அவர் எழுதிய விசுவாச உடன்படிக்கையில் மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். அடுத்த மாணவர் அணியில் சேர்ந்த உச்சிமுரா கன்சோவும் நித்தோபே இனாசோவும் பின்னர் நாடறிந்த கிறிஸ்தவர்கள் ஆனார்கள். குமாமோட்டோவில் முன்னாள் ராணுவ அதிகாரி ஜேன்ஸும் பள்ளி ஆசிரியர்தான். 1876 ஜனவரியில் அவருடைய மாணவர்கள் 35 பேர் ஹனாஓகா குன்றில் ஏறி விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

இந்தச் சான்றைக் காட்டி இன்றைய பொறியாளரை அனுப்புவதில்தான் எனக்குத் தயக்கம். கிளார்க்கும் ஜேன்ஸும் பாடம் நடத்தியது ஆங்கிலத்தில். மேற்கத்தியக் கல்விக்குத் தவித்த சாமுராய்க் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்களைத் தேடி வந்து, பல மணி நேரம் அவர்கள் எதிரே உட்கார்ந்தார்கள். இன்று டோக்கியோவில் மென்பொருள் நிறுவனத்தில் சேரும் தமிழர் எப்படி இருக்கிறார்? குழுவில் பாதிப் பேர் இந்தியர்கள், கூட்டங்கள் ஆங்கிலத்தில், இரவு எட்டு மணிக்கு ரயில். வீடு எதோகவா வட்டாரத்து நிஷிகசாயில். இந்தியக் கடையும் நம்மவர் நட்பும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை தமிழிலோ ஆங்கிலத்திலோ ஆராதனை. அங்கே பாடவும் ஜெபிக்கவும் ஆள் வேண்டும் என்பதால் அவரையே பொறுப்பில் போட்டுவிடுகிறார்கள். அதுவும் ஊழியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து ஆண்டு கழித்தும் பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண்மணியோடு வானிலையைத் தாண்டிப் பேச முடியாத நிலையிலேயே அவர் இருப்பார். எந்தப் பாரத்தோடு புறப்பட்டாரோ அது நிறைவேறாமலே நிற்கும்.

வேலை வழி வெற்றியாக வேண்டுமானால் வேலையே ஜப்பானிய மொழியில் நடக்க வேண்டும். அந்த வகையில் முதியோர் பராமரிப்பு வேலையை நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஜப்பானில் 65 வயதைக் கடந்தவர்கள் பத்தில் மூன்று பேர்; பராமரிப்பு இல்லங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. 2019இல் தொடங்கிய குறிப்பிட்ட திறன் தொழிலாளர் திட்டத்தில், 2021இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் இந்தியர்களும் சேரலாம். அடிப்படை மொழித் தேர்வும், பராமரிப்புக்கான மொழி, திறன் தேர்வுகளும் எழுத வேண்டும். உள்ளே போனால் நாள் முழுவதும் ஜப்பானிய மொழிதான். குளிக்க வைக்கும்போதும், சோறு ஊட்டும்போதும், போர்க்காலத்துச் சிறுவயதை அவர்கள் மீண்டும் மீண்டும் சொல்லும்போதும் காதில் விழும் மொழி எந்தப் புத்தகத்திலும் இல்லை. திட்டத்தின் முதல் பிரிவில் மொத்தம் ஐந்து ஆண்டு வரம்பு உண்டு, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. பணி நேரத்தில், படுக்கையில் கிடக்கும் முதியவரிடம் மதம் பேசுவதற்கும் உங்களுக்கு உரிமை இல்லை. பலவீனமானவரின் நிலையைப் பயன்படுத்திக்கொண்டார் என்ற பேச்சு ஒரு முறை வந்தால், அந்த ஊரின் சிறிய சபைக்கே அவப்பெயர். அன்போடு வேலை செய்யுங்கள். ஞாயிறு எங்கே போகிறீர்கள் என்று அவர்களே கேட்டால் பதில் சொல்லுங்கள்.

விசா விஷயத்தில் உண்மையாக இருப்பது எல்லா வழிகளுக்கும் பொருந்தும். பெயருக்கு ஒரு கம்பெனி வேலையைக் காட்டி, உள்ளே போய் முழுநேர ஊழியம் செய்யலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள். வேலை விசாவில் இருப்பவர் ஓய்வு நேரத்தில் சபையில் உதவுவது வேறு, விசாவுக்குரிய வேலையையே செய்யாமல் இருப்பது வேறு. மதப்பணிக்கென வெளிப்படையாகக் கதவு திறந்திருக்கும் நாட்டில் பொய்யோடு நுழைய எந்தக் காரணமும் இல்லை.

நான்காவது, ஜப்பானுக்கு வெளியே உள்ள ஜப்பானியர். ஏறத்தாழ 13 லட்சம் ஜப்பானியக் குடிமக்கள் வெளிநாடுகளில் வாழ்கிறார்கள். அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் பெரிய சமூகங்கள் உண்டு. சென்னையைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் ஜப்பானிய நிறுவனங்கள் ஏராளம். அவற்றின் மேலாளர்கள் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஊரை விட்டு வந்திருக்கும்போது குடும்பத்தின் கண்காணிப்பு குறைகிறது, மனம் திறந்து பேசுகிறார்கள். ஆனால் வெளிநாட்டில் விசுவாசத்துக்கு வந்தவர்களில் பலர் நாடு திரும்பியதும் சபையை விட்டு விலகிவிடுகிறார்கள். வெளிநாட்டில் உற்சாகமான குழுவில் இருந்தவர், இருபது முப்பது முதியவர்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் ஊர்ச் சபையில் ஒட்ட முடியாமல் தவிக்கிறார். திரும்புமுன்பே அவருடைய ஊரில் ஒரு போதகரை அறிமுகம் செய்து, வந்ததும் விசாரிக்க ஆள் ஏற்பாடு செய்யாவிட்டால் உழைப்பு வீணாகும். ஆகவே இந்த வழிக்கும் ஜப்பானில் சபைத் தொடர்பு வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கும், பெற்றோரைப் பார்க்க வேண்டிய பொறுப்பு உள்ளவர்களுக்கும் இது அருமையான வழி. இளைஞர்களுக்கோ, புறப்படுமுன் ஓர் ஆண்டு பழகிப் பார்க்க ஏற்ற பயிற்சிக் களம்.

எந்த வழியானாலும் ஒரு ஜப்பானிய போதகருக்குக் கீழே, ஒரு ஜப்பானிய சபையின் அங்கத்தினராக முதல் ஆண்டுகளைக் கழிப்பதை நிபந்தனையாகவே வைக்கிறேன். ஜப்பானியத் திருச்சபைக்குச் சொந்தத் தலைவர்கள் இல்லாமல் இருந்ததில்லை. 1875இல் தோஷிஷா கல்விக்கூடத்தைத் தொடங்கிய நீஜிமா ஜோ அவர்களில் ஒருவர். கோபே நகரச் சேரியில் குடியேறி ஏழைகளோடு வாழ்ந்த ககாவா தொயோஹிகோ இன்னொருவர். அவர் 1938இல் நம் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டுக்கே வந்தவர். நாம் போய்த்தான் எல்லாம் தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு போகிறவரை அங்குள்ள போதகர் பணிவாகவே வரவேற்பார், ஆனால் எதையும் ஒப்படைக்க மாட்டார். செருப்பைக் கழற்றி வாசல் பக்கமாகத் திருப்பி வைப்பதிலும், மதிய உணவுக்குப் பின் பாத்திரம் கழுவுவதிலும், வாரச் செய்திமடலை மடித்துக் கொடுப்பதிலும் தொடங்குகிறவருக்கு நாளாவட்டத்தில் வீட்டுக் கதவுகள் திறக்கும்.

வீட்டுக்குள் போனதும் எதிர்ப்படுவது ‘புத்சுடான்’ எனப்படும், முன்னோருக்கான மரப்பேழை. காலையில் வடித்த சோற்றில் முதல் கிண்ணம் அங்கே வைக்கப்படும். சிறு மணியைத் தட்டி, ஊதுபத்தி ஏற்றி, கை கூப்புவார்கள். மூத்த மகன் ஞானஸ்நானம் எடுத்தால் இதை யார் செய்வது, குடும்பக் கல்லறையை யார் பார்ப்பது என்பதே அந்த வீட்டின் கேள்வி. இந்தக் கேள்விக்கு அங்குள்ள சபைகள் பொறுமையாகப் பதில் தேடி வந்திருக்கின்றன. அடக்க ஆராதனையில் ஊதுபத்திக்குப் பதில் வெள்ளை மலர் வைத்து மரியாதை செய்வது அப்படி வேரூன்றிய வழக்கம். இந்த இடத்தில் நம்மவருக்கு ஒரு பலம் இருக்கிறது. தாத்தாவின் திதிக்கு உட்கார மாட்டேன் என்று சொன்ன நாளில் அம்மா அழுததைக் கண்ட முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் நம் சபைகளில் அநேகர். அந்த வலியை அறிந்தவர்கள் ஜப்பானிய மூத்த மகனிடம் அவசரப்பட்டுப் பேச மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களை அனுப்புங்கள் என்று சபைகளை மன்றாடிக் கேட்பேன்.

மொழியிலும் நமக்குச் சிறு அனுகூலம் உண்டு. வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, பெரியவரிடம் ஒரு விதமாகவும் சமவயதினரிடம் வேறு விதமாகவும் பேசுவது எல்லாம் தமிழருக்குப் பழகியவை. மலைக்க வைப்பது எழுத்து. இரண்டு அசையெழுத்து வரிசைகளோடு, அன்றாடப் பயன்பாட்டுக்கு அரசு வகுத்த ‘கான்ஜி’ எனப்படும் சீன வழி எழுத்துகள் மட்டும் 2136. ஆங்கிலம் பேசுகிறவர் தேர்ச்சி பெற 2200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. நமக்குச் சற்றுக் குறையலாம், பாதியாகக் குறையாது. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுத் தேர்வு கிடையாது என்பதால், உயர்ந்த நிலைச் சான்றிதழை வைத்துக்கொண்டே துக்க வீட்டில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாமல் நிற்பவர்களும் உண்டு.

ஆகவே என் பரிந்துரை இதுதான். முப்பதுக்குக் கீழே, தனியாக இருப்பவர் சபையின் ஆதரவோடு மொழிப் பள்ளிக்குப் போகட்டும். அதன்பின் இறையியலா, வேலையா, மதப்பணி விசாவா என்பதை ஜப்பானில் தன் போதகரோடு கலந்து தீர்மானிக்கட்டும். நர்சிங் படித்தவர், முதியோரிடம் பொறுமை உள்ளவர் பராமரிப்பு வழியைத் தயங்காமல் எடுக்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள், முதலிரண்டு ஆண்டும் மொழிக்கென்று எழுத்தில் உறுதி தரும் மிஷன் அமைப்போடு மட்டும் போகட்டும். அந்த உறுதி இல்லாவிட்டால் காத்திருக்கட்டும். ஐடி வேலை கையில் உள்ளவர், ஜப்பானிய மொழியில் வேலை நடக்கும் இடம் டோக்கியோவுக்கு வெளியே கிடைக்கும்வரை சென்னையிலேயே ஜப்பானியரோடு பழகி மொழியை வளர்த்துக்கொள்ளட்டும்.

வரும் ஏப்ரல் சேர்க்கையை நினைப்பவர்கள் கவனிக்க: பெரும்பாலான மொழிப் பள்ளிகள் முந்தைய ஆண்டின் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் விண்ணப்பம் வாங்கும். அதற்குள் அடிப்படை நிலையான என்5 தேர்வுச் சான்றோ, 150 மணி நேரம் படித்ததற்கான சான்றோ, செலவைத் தாங்குபவரின் வங்கிக் கணக்கு விவரத்தோடு சேர்த்துக் கேட்பார்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் வகுப்புகள் நடக்கின்றன, ஜேஎல்பிடி தேர்வையும் சென்னையிலேயே எழுதலாம். ஜூலைத் தேர்வை விட்டால் அடுத்தது டிசம்பரில்தான். அதன் முடிவு ஏப்ரல் விண்ணப்பத்துக்குள் கைக்கு வராது.